குடிவந்தவர் பேருக்குப் பட்டா

லினக்ஸில் மெய்நிகர் இயந்திரம் ஓட்டுகிறவர்களிடையே ஒரு கைவைத்தியம் பரவிக் கிடக்கிறது. அவற்றைக் கையாளும் சாளரமான வர்ட்-மேனேஜர் ‘பெர்மிஷன் டினைடு’ என்று முரண்டு பிடித்தால், க்யூஎம்யூ.கான்ஃப் கோப்பைத் திற, பயனர், குழு இரண்டுக்கும் ரூட் என்று எழுது, பின்னணியில் இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் சேவையை மறுபடி கிளப்பு. தீர்ந்தது. ‘வீட்டுக் கணினிதானே, என்ன ஆகிவிடப் போகிறது?’ என்று இதற்கு வக்காலத்து வாங்கவும் ஆள் இருக்கிறார்கள்.

என்ன ஆகும் என்பதை 2015இல் வெனம் என்ற ஓட்டை காட்டியது. இயந்திரத்தை உண்மையில் ஓட்டும் மென்பொருளான க்யூஎம்யூவின் ஃப்ளாப்பி கன்ட்ரோலர் நிரலில் 2004 முதல் கண்ணில் படாமல் கிடந்த பிழை அது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் அடைபட்டிருக்க வேண்டியவர் அதன் வழியே வெளியேறி, க்யூஎம்யூ எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனரின் அதிகாரத்தைக் கைப்பற்றலாம். சொத்துபத்து ஏதுமில்லாத தனிப் பயனர் என்றால் சேதம் கொஞ்சம். ரூட் என்றால் கணினியே போயிற்று. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வைத்தியம்தான் இது. (ஃப்ளாப்பியை இன்று யார் கண்டார்கள் என்று கேட்பவருக்கு: கண்ணால் காணாதது இத்தனை வருடம் உள்ளே உட்கார்ந்திருந்தது.)

என்றாலும், கொளுத்துகிறவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்தது லிப்வர்ட்.

அதன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரங்களை ரூட் அல்லாத தனிப் பயனர் பெயரில் ஓட்டுவது நல்ல முடிவு. 2009இல் ஃபெடோரா 11உடன் வந்த எஸ்வர்ட், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி எஸ்இலினக்ஸ் முத்திரை குத்தி, ஒன்றின் வட்டை இன்னொன்று தொடாமல் காக்கிறது. உயர்ந்த வேலை. என் சண்டை வேறு. பல வருடப் பழசு.

இயந்திரம் கிளம்பும்போது லிப்வர்ட் அதன் வட்டுக் கோப்பின் உரிமையாளரையே மாற்றி, க்யூஎம்யூ பயனர் பேருக்கு எழுதிவிடுகிறது. ‘டைனமிக் ஓனர்ஷிப்’ என்று பெயர். நாம் கேட்காமலே நடக்கும். ஒருவருக்கு வீட்டில் இருக்க இடம் கொடுப்பதும் வீட்டையே எழுதிக் கொடுப்பதும் ஒன்றா? லினக்ஸில் ஏசிஎல் என்ற வசதி உண்டு. இன்னார் படிக்கலாம், எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. லிப்வர்ட்டோ குடிவந்தவர் பேருக்குப் பட்டா மாற்றுகிறது. அவர் காலி செய்த பிறகாவது பட்டா சொந்தக்காரருக்குத் திரும்பியதா? நெடுங்காலம் திரும்பவில்லை, ரூட் பேருக்குப் போனது, புறம்போக்கு போல. மறுநாள் தன் வட்டைத் தானே பெரிதாக்கப் போனவரை உள்ளே விடவில்லை. பின்னால், பழைய உரிமையாளர் யார் என்பதைக் கோப்பின் நீட்டிப்புப் பண்புகளில் குறித்துவைக்கும் ஏற்பாடு வந்தது. அந்தக் குறிப்புக்கு இடம் தராத என்எஃப்எஸ் பகிர்வில் பழைய கதைதான்.

இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளும் மென்பொருள், கோப்புக்குப் போகும் வழியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகள் பிற பயனர்களுக்கு மூடியே இருக்கின்றன. டவுன்லோட்ஸில் இருக்கும் ஐஎஸ்ஓவின் பட்டா யார் பேரில் இருந்தால் என்ன, தெருமுனையிலேயே கதவு. வரும் பிழைச் செய்தியில் 64055 என்று ஓர் எண் இருக்கும். அது உபுண்டுவில் க்யூஎம்யூ பயனரின் எண் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தடுத்தது எந்தக் கோப்புறை என்று அதில் இருக்காது. வர்ட்-மேனேஜர் மட்டும் சில சமயம் ‘இந்தப் பாதையில் நுழைய அனுமதி இல்லை, சரிசெய்யட்டுமா?’ என்று கேட்கிறது. சம்மதித்தால் அது கையில் எடுப்பது ஏசிஎல்லைத்தான்! கோப்புறைக்குப் பொருந்தும் மருந்து கோப்புக்கு ஏன் ஆகாமல் போயிற்று என்பதற்கு எனக்கு ஏற்கும்படியான பதில் கிடைத்ததில்லை.

இந்தக் குணத்தின் வேர், கோப்புகளைத் தன்னைத் தவிர வேறு யாரும் தொடமாட்டார்கள் என்ற நினைப்பு. கேஷிலும் அதே நினைப்புதான். ஸ்டோரேஜ் பூலில் என்னென்ன வட்டுகள் இருக்கின்றன என்பதை ஒருமுறை பார்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது லிப்வர்ட். அதன் கண்ணுக்குத் தெரியாமல் நீங்கள் ஒரு கோப்பை அந்தக் கோப்புறையில் நகலெடுத்துப் போட்டால், பட்டியலில் அது வராது. பூல்-ரிஃப்ரெஷ் கட்டளை கொடுத்த பிறகுதான் வரும். ஆயிரக்கணக்கான வட்டுகள் உள்ள சேமிப்பகத்தை ஓயாமல் துழாவினால் வேகம் குறையும் என்பார்கள். சரி. எத்தனை மணிக்கு எடுத்த பட்டியல் என்று ஓரத்தில் போடுவதற்குமா வேகம் குறையும்?

தெரியாமல் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. க்யூஎம்யூவின் திறன்களை லிப்வர்ட் தனியாகக் கேஷ் செய்துவைக்கிறது. அங்கே நிரல் கோப்பு மாறியதா, லிப்வர்ட்டின் பதிப்பு மாறியதா, கெர்னல் மாறியதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பழையதைத் தூக்கிப் போடுகிறார்கள். இயந்திரத்தின் விவரத்துக்கு அத்தனை அக்கறை. பயனரின் வட்டுக்கு, வர்ட்-மேனேஜர் பட்டியலின் மேலே ஒரு சின்ன வட்ட அம்பு. அதை அழுத்தும்வரை, டெர்மினலில் நேற்று அழித்த வட்டு இன்றும் அங்கே நிற்கும், பேரோடும் அளவோடும்.