தீர்க்கதரிசியும் மளிகைக்கடையும்

ஒரு தலைவர் இறந்துபோனால் மறுநாள் காலையே நாம் அவரைத் 'தீர்க்கதரிசி' ஆக்கிவிடுவோம். 'அன்னிக்கே சொன்னார் பாருங்க!' என்று மேடைக்கு மேடை புல்லரிப்பார்கள். அவர் சொன்ன அன்றைக்கு இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது.

அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? சம்ஸ்கிருதத்தில் 'தீர்க்க' என்றால் நீண்ட. 'தர்சி' என்றால் பார்ப்பவர். ஆக, நெடுந்தூரம் பார்க்கிறவர். அவ்வளவுதான். இதில் ஜோசியமும் இல்லை, கிளியும் இல்லை.

பிறகு மந்திர வாசனை எப்படி ஏறியது? பைபிள் தமிழுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. கிரேக்கத்தில் 'புரொபேட்டஸ்' என்றால் கடவுள் சார்பாகப் பேசுகிறவர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவரைத் 'தீர்க்கதரிசி' என்றது. வாயின் வேலை கண்ணுக்குப் போய்விட்டது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்று சரிசெய்தது. மேடைகள்தான் பழசை விடவில்லை.

வள்ளுவர் இன்னும் கறார். பின்னால் வரப்போவதை அறிகிறவர்தான் அறிவுடையவர் என்கிறார், அறிவுடைமை அதிகாரத்தில். அவருக்கு அது தெய்வ வரமே இல்லை; அறிவாளி என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சத் தகுதி.

காமர்ஸ் படித்தவனுக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு: புரொவிஷன். முன்கூட்டிப் பார்த்தல் என்ற லத்தீன் வினையில் பிறந்தது. வாராக்கடனுக்காகக் கணக்கில் ஒதுக்கி வைப்பதும் புரொவிஷன். தெருமுனை மளிகைக்கடை போர்டில் இருப்பதும் அதே புரொவிஷன். முன்னால் பார்த்தவன் கொஞ்சம் எடுத்து வைக்கிறான். எடுத்து வைக்காவிட்டால் பார்த்து என்ன பிரயோஜனம்?

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே கடலடியில் பூமி நடுங்கியபோது இங்கே காலை ஆறரை மணிகூட ஆகவில்லை. தமிழகக் கரைக்கு அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. ஞானதிருஷ்டி யாருக்கும் தேவைப்படவில்லை. ஓர் எச்சரிக்கை மையம், கரையில் ஒரு சைரன் போதும். இரண்டும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்.

'தீர்க்கதரிசி' என்று புகழ்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவர் அபூர்வப் பிறவி, நாம் சாதாரண ஜனங்கள். ஆகவே நமக்குத் தெரியாமல் போனதில் தப்பே இல்லை! அடுத்த முறை மைக்கில் யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால் எழுந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'அவர் சொன்னதைக் கேட்டு நீங்க என்ன சார் எடுத்து வெச்சீங்க?'