ஊரும் ஒருவனும்

ஊர் நலத்திற்காகக் குரல் எழுப்புவது நம் இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. நீர்நிலைகளைப் பெருக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் எடுத்துரைத்ததும், வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடித் தம் நிலத்தின் பழைய வரிக்கடனை நீக்கிக்கொண்டதும் புறநானூற்றில் உள்ளன. இன்றைய சொல்லாட்சியில் கூறினால், முன்னது பொதுப்பணிக் கோரிக்கை. பின்னது வரிக்குறைப்பு மனு. ஆயினும் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். இரண்டிலும் பேசுபவர் புலவரே. நீரின்றி வாடிய உழவன் வாய் திறப்பதில்லை. சிலப்பதிகாரத்திலும் அரசவை சென்று நீதி கேட்பவள் கண்ணகி ஒருத்தியே. மதுரை மக்கள் அவள் நிலை கண்டு இரங்குகின்றனரே அன்றி உடன் செல்கின்றாரில்லை.

இப்போக்கு நம்மவரிடம் மட்டும் காணப்படுவதன்று. ஊர்ப் பொதுக்குறையைப் பொருளாகக் கொள்ளும் படைப்பாளர் பலரும், அறிந்தோ அறியாமலோ, ஒற்றை மனிதனையே தேடிச் செல்கின்றனர். ஊர் திரண்டு நிற்பதைக் காட்டுவது கடினம். ஒருவன் தனித்து நிற்பதைக் காட்டுவது எளிது. இதனால் படைப்பு எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பதை இப்சனின் 'மக்கள் பகைவன்' நாடகத்தை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் இந்நாடகத்தை 1882ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் வந்த அவருடைய 'ஆவிகள்' என்னும் நாடகம் கடுங்கண்டனத்திற்கு ஆளாயிற்று. அந்தச் சினத்தின் சூடு இந்நூலில் இருப்பதைப் படிப்போர் உணரலாம். கதை நாம் அறியாததன்று. கடலோரச் சிறு நகரமொன்று மருத்துவக் குளிப்பகம் ஒன்றைக் கட்டி வெளியூராரை ஈர்த்து வளம் பெற்று வருகிறது. அதன் மருத்துவ அலுவலர் தாமஸ் ஸ்டாக்மன். குளிக்க வந்தோர் நோயுற்றதை முந்திய ஆண்டிலேயே கண்டு ஐயுற்ற அவர், நீரைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பி ஆய்வு செய்விக்கிறார். மேற்புறத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீரில் கலந்திருப்பது உறுதியாகிறது. நகரத் தலைவர் அவருடைய உடன்பிறந்த தமையன் பீட்டர். குழாய்களை மேட்டிலிருந்து அமைக்க வேண்டும் என்று மருத்துவர் முன்பே கூறியதைப் புறந்தள்ளியவரும் அவரே. எனவே உண்மை வெளிப்பட்டால் வெளிப்படுவது நீரின் மாசு மட்டுமன்று. அதிகாரத்தின் பிழையும் ஆகும். பீட்டர் அதனை மறைக்க முனைவதில் வியப்பொன்றுமில்லை.

வியப்பு மற்றவர்களிடத்தில்தான். மக்கள் இதழின் ஆசிரியர் ஹோவ்ஸ்டட் முதலில் மருத்துவரைப் போற்றுகிறார். அச்சகத்தார் அஸ்லாக்சன், வீட்டு உரிமையாளர் சங்கத்தின் தலைவர். எதிலும் நிதானம் வேண்டும் என்று ஓயாது சொல்பவர். திரண்ட பெரும்பான்மை தம் பின்னால் இருப்பதாகக் கூறி மருத்துவருக்குத் துணை நிற்க வருகிறார். அஸ்லாக்சனைப் படைத்த திறத்திற்காகவே இப்சனை மேதை எனலாம். நம் ஊர்ச் சங்கங்களில் இவரைக் காணாதவர் யார்? தீயவர் அல்லர், கோழை என்றும் முற்றாகச் சொல்லிவிட முடியாது. நன்றி அறிவிப்புத் தீர்மானம் ஒன்றை யார் மனமும் நோகாத வகையில் நிறைவேற்றுவதே அவருக்குப் பொதுத்தொண்டு.

மூன்றாம் அங்கத்தில் பீட்டர் அச்சகத்திற்கு வருகிறார். குழாய்களை மாற்ற இரண்டு மூன்று இலட்சம் குரோனர் ஆகும். இரண்டாண்டுகள் குளிப்பகத்தை மூட நேரிடும். செலவை நகர மக்களே வரியாகச் சுமக்க வேண்டும் என்னும் செய்தி அங்கே வெளிப்படுகிறது. அவ்வளவுதான். இதழின் கதவும் அச்சகத்தின் கதவும் மருத்துவருக்கு அடைபடுகின்றன. நான்காம் அங்கம் பொதுக்கூட்டம். ஆய்வறிக்கையைப் படிக்கவே அவருக்கு இசைவு மறுக்கப்படுகிறது. குடிகாரன் ஒருவனின் வாக்கைத் தவிர ஏனைய வாக்கு அனைத்தாலும் அவர் மக்கள் பகைவன் என்று அறிவிக்கப்படுகிறார். பின்னர்ச் சாளரக் கண்ணாடிகள் கல்லெறிபட்டு உடைகின்றன. குடியிருந்த வீடு பறிபோகிறது. ஆசிரியையான மகள் பெட்ரா பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறாள்.

இந்நாடகத்தை விளக்குவோர் மருத்துவரை உண்மையின் வடிவமாகவும், ஊரைப் பொய்யின் வடிவமாகவும் பகுத்துக் காட்டுவது வழக்கம். அஃது எளிய பகுப்பு. நூலை ஊன்றிப் படித்தால் அப்பகுப்பு நிலைபெறுமா என்பது ஐயம்.

முதலாவதாக, அந்நீரால் நோயுற்றவர் ஒருவரேனும் மேடைக்கு வருவதில்லை. நோயாளியின் தாயோ கணவனோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. நோய் என்பது அறிக்கையில் உள்ள செய்தியாகவே நின்றுவிடுகிறது. அடுத்து, மருத்துவர் தம் கண்டுபிடிப்பை அதிகாரியிடமும் இதழாசிரியரிடமும் கொண்டு செல்கிறாரே தவிர, வரி கட்டப்போகும் எளிய மக்களிடம் ஒரு நாளும் செல்லவில்லை. குழாய்ச் செலவை யார் ஏற்பது என்னும் வினா இழிவான வினாவன்று. நாள்கூலி பெறும் குடும்பத் தலைவன் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பான்? கழிவைக் கலக்கும் தொழிற்சாலை உரிமையாளரே செலவை ஏற்கட்டும் என்று சொல்ல நாடகத்தில் ஒருவரும் இல்லை. அவருள் ஒருவரான மார்ட்டன் கீல் மருத்துவரின் மாமனார் என்பதையும் நினைவிற்கொள்க.

மூன்றாவது குறையே பெருங்குறை. திரண்ட பெரும்பான்மை தம் பக்கம் இருப்பதாக அஸ்லாக்சன் கூறியபோது மருத்துவர் மகிழ்ந்து பெருமை கொள்கிறார். அது கைநழுவியதும், பெரும்பான்மையே உண்மையின் பகை என்று மேடையேறி முழங்குகிறார். அம்முழக்கத்தில் தெரு நாயையும் உயர்குல நாயையும் ஒப்பிட்டு, மக்களுள்ளும் அவ்வாறே பிறவி வேறுபாடு உண்டு எனும் அளவிற்குப் போகிறார். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்த கொடுமையை நெடுங்காலம் கண்ட நம் சமுதாயத்தார் இப்பகுதியை மௌனமாகக் கடத்தல் தகாது. அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1950இல் இந்நாடகத்தைத் தழுவி அமைத்தபோது இத்தகைய பகுதிகளை நீக்கியும் தணித்தும் எழுதினார். சத்யஜித் ராய் 1989இல் எடுத்த 'கணசத்ரு' என்னும் வங்கப் படத்தில் மாற்றம் இன்னும் பெரிது. குளிப்பகம் கோயில் தீர்த்தமாயிற்று. முடிவில் மருத்துவர் தனித்து நிற்கவில்லை. அவரை வாழ்த்தும் இளைஞர் குரல் வெளியிலிருந்து கேட்கிறது. கலை நயத்தில் அம்முடிவு சற்று வலிந்து அமைக்கப்பட்டது என்பேன். எனினும், இப்சனின் நாடகத்தில் எது குறைகிறது என்பதை ராய் நுட்பமாக உணர்ந்திருந்தார் என்பதற்கு அதுவே சான்று.

இனி, ஊரையே தலைவனாக்கிய ஒரு தமிழ் நாடகத்தைக் காண்போம். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980இல் மேடையேறியது. அடுத்த ஆண்டே கே. பாலசந்தர் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. வறட்சியால் வாடும் அத்திப்பட்டி என்னும் சிற்றூர். கொலைக் குற்றத்திற்காகத் தேடப்படும் வெள்ளைச்சாமி அங்கு வருகிறான். தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து வண்டியில் நீர் கொண்டு வந்து ஊரைக் காக்கிறான். அவனைக் காட்டிக்கொடுக்க ஊர் மறுக்கிறது. காவலரான கணவனுக்கு எதிராக நிற்கும் செவந்தியும் ஊரின் பக்கமே. முடிவில் மக்கள் தாமே கால்வாய் வெட்ட முற்படுகின்றனர். சட்டத்தைக் காட்டி அரசு தடுக்கிறது.

இங்கு மக்கள் பேசுகின்றனர், சண்டையிடுகின்றனர், ஏமாறுகின்றனர், மண்வெட்டியும் எடுக்கின்றனர். இப்சனின் கூட்டத்தில் காணாத முகங்கள் இங்கு உண்டு. அந்த அளவில் கோமலின் வெற்றி பெரிது. ஆயினும் நீர் வரும் வழி வெளியிலிருந்து வந்த ஒருவனின் வண்டிதான் என்பதை மறத்தல் கூடாது. ஊரின் உயிர் ஒருவன் தோளில் தொங்குமாறு கதையை அமைத்ததால், அவன் வீழ்ச்சி ஊரின் வீழ்ச்சியாகிறது. ஒற்றை மனிதனைத் தேடும் பழைய வழக்கம் இங்கும் விட்டபாடில்லை.

எனினும் இரு நாடகங்களுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அத்திப்பட்டியின் துன்பம் கண்ணுக்குத் தெரிவது. வற்றிய கிணற்றைக் காட்ட ஆய்வுக்கூடம் வேண்டா. இப்சன் காட்டும் தீங்கோ கண்ணுக்குத் தெரியாதது. தெளிந்த நீரில் நஞ்சு இருப்பதாக ஒருவர் சொல்ல, மற்றவர் நம்ப வேண்டும். காணாத தீங்கிற்கு எதிராக ஊர் திரள்வது அரிது. அங்கே ஊரின் நம்பிக்கையைப் பெறுவதே போராட்டத்தின் பாதி. ஸ்டாக்மன் தோற்றது அந்தப் பாதியில்தான்.

காணாத தீங்கிற்கு எதிராக ஊர் திரளவே இயலாதா? இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த புக்கிட் மேரா புதுக்கிராமத்தின் அருகே ஏசியன் ரேர் எர்த் தொழிற்சாலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்க மணலில் கிடைக்கும் மோனசைட் கனிமத்திலிருந்து அருமண் பொருள்களைப் பிரித்தெடுப்பது அதன் தொழில். எஞ்சுவது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. ஸ்டாக்மனின் நீராவது கலங்கக்கூடும்; இஃது அதுவுமில்லை.

முதலில் எழுந்தவர்கள் பப்பான் மக்கள். கழிவைச் சேமிக்கும் கிடங்கு தங்கள் ஊரருகே அமைவதை 1984இல் எதிர்த்து நின்றனர். கிடங்கு வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. 1985இல் புக்கிட் மேராவைச் சேர்ந்த எண்மர், தமக்காகவும் ஊராருக்காகவும் வழக்குத் தொடுத்தனர். ஜப்பானிய வல்லுநரை அழைத்து அளந்து பார்த்தனர், குழு அமைத்தனர், வழக்கு நாள்களில் திரளாக நீதிமன்றம் சென்றனர். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் துணை நின்றது. 1987 அக்டோபரில் நாடு முழுவதும் நடந்த கைது நடவடிக்கையில், எதிர்ப்புக் குழுவினர் சிலரும் மக்கள் சார்பில் வாதாடிய வழக்கறிஞர் ஒருவரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். வழக்கு நிற்கவில்லை. 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சட்டத்தின் முன் மக்கள் தோற்றனர். ஆயினும் 1994 தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டது.

இவ்வரலாற்றில் ஸ்டாக்மன் யார்? ஒருவரைச் சுட்ட இயலவில்லை. நாடக நோக்கில் அதுவே இவ்வரலாற்றின் இடர்ப்பாடு. பன்னிரண்டு ஆண்டுகள் நீண்ட கதை; முழக்கமிடும் வீரன் இல்லை; வெற்றி எது தோல்வி எது என்று வரையறுக்க முடியாத முடிவு. ஒரு பெரும் எழுத்தாளனுக்கு இதைவிடச் சிறந்த கருப்பொருள் வேண்டுமா? நம்மிடையே சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் கதைகளைப் பாருங்கள். சாலைப் பள்ளமோ அடைபட்ட வடிகாலோ கருப்பொருளாயின், பட்டம் பெற்ற இளைஞன் ஒருவன் கட்டாயம் தோன்றுவான். ஒரே ஒரு கடிதம் எழுதுவான். அடுத்த பக்கத்தில் சட்டமன்ற உறுப்பினர் வந்து மாலை சூட்டுவார். இக்கதைகளை எழுதுவோர் இப்சனைப் படித்தவர் அல்லர். ஆயினும் ஒற்றை வீரன் என்னும் நோய் அவர்களையும் பற்றியிருக்கிறது.

இதில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. முறையீட்டுக் கடிதம் எழுத மாணவர்க்குப் பயிற்சி அளிக்கிறோம். அனுப்புநர், பெறுநர், தலைப்பு, மூன்று கருத்துகள், நன்றி என்று அமைப்பைக் கற்பிக்கிறோம். கடிதத்திற்கு மறுமொழி வராவிடில் என்ன செய்வது என்பதைக் கற்பிப்பதில்லை. இரண்டாம் கடிதத்திற்கு யார் யாரிடம் கையொப்பம் வாங்குவது, கையொப்பமிட மறுக்கும் அண்டை வீட்டாரிடம் என்ன பேசுவது என்பனவற்றிற்குப் பாடநூலில் இடமில்லை. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தால் முற்றாக நீங்கியது. நகராண்மைக் கழக உறுப்பினரை வாக்கால் மாற்றும் வழி நம் மாணவர்க்கு இல்லை. ஆகவே மனுவும் இதழும் சங்கமும் நீதிமன்றமுமே எஞ்சியுள்ள வழிகள். அஸ்லாக்சன்களை நம் பக்கம் நிறுத்திக்கொள்ளும் கலையையும் அவர்கள் கற்றாக வேண்டும்.

'மக்கள் பகைவன்' நாடகத்தை வகுப்பில் பயிற்றுவிப்போர் பெரும்பாலும் அதன் இறுதி உரையில், தனித்து நிற்பவனே வலியன் என்னும் கருத்தில் நின்றுவிடுகின்றனர். அதற்குச் சற்று முன்னர் வரும் செய்தியையே நான் பெரிதாகக் கருதுகிறேன். எல்லாம் இழந்த ஸ்டாக்மன் ஊரை விட்டுப் போகும் எண்ணத்தைக் கைவிடுகிறார். தம்மை மக்கள் பகைவன் என்று அறிவித்த அதே கூடத்தில் பள்ளி ஒன்று தொடங்க எண்ணுகிறார். கேட்பாரற்றுத் தெருவில் திரியும் சிறுவர் பன்னிருவரேனும் வேண்டும் என்கிறார். பெட்ரா துணை நிற்பாள். சற்று முன்னர்த் தெரு நாய்க்கு ஒப்பிட்டு இகழ்ந்த மக்களின் பிள்ளைகளை அல்லவா இப்போது அழைக்கிறார்! இம்மாற்றத்தைப் பற்றி மருத்துவரும் பேசவில்லை, நூலாசிரியரும் விளக்கவில்லை. அப்பள்ளியின் முதல் நாளில், குழாய் அமைக்க எவ்வளவு ஆகும், அதை யார் தருவது என்று அச்சிறுவருள் ஒருவன் கேட்டால் ஸ்டாக்மன் என்ன மறுமொழி கூறுவார்? மேல்வகுப்பு மாணவர்க்கு இதனையே கட்டுரை வினாவாகக் கொடுக்கலாம்.