விழாத வார்டு

செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாள். பெரிய தனியார் மருத்துவமனைகளில் அன்றைக்குக் கேக் வெட்டுவார்கள். ஒரு நோயாளிகூடக் கீழே விழாத வார்டுக்குக் கேடயமும் உண்டு. இன்சார்ஜ் சிஸ்டரின் உழைப்பில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கேடயத்தில்தான் சந்தேகம்.

விழுவது சின்ன விஷயமல்ல. எழுபது வயதுக்கு மேல் இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதேயில்லை. கட்டிலைத் தாழ்த்துவது, ஈரத்தரையை உடனே துடைப்பது, வழுக்காத செருப்புக் கொடுப்பது எல்லாம் தேவைதான். பாஸ்டன், நியூயார்க் மருத்துவமனைகளில் நோயாளியையும் வீட்டாரையும் கலந்து பேசி அவரவருக்கென்று திட்டம் போட்டார்கள். விழுந்து காயப்படுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்கிறது 2020-ல் வந்த ஆய்வு. நல்லது.

நம் வார்டுகளுக்கு வந்து சேர்ந்தது மதிப்பெண் தாள்தான். விழும் ஆபத்தைக் கணிக்கும் மோர்ஸ் அளவுகோலில் கையில் டிரிப்ஸ் ஏறினால் 20, கூடவே இன்னொரு நோய் இருந்தால் 15, நடை தளர்ந்திருந்தால் 10. மொத்தம் 45, பல இடங்களில் அதுதான் அபாயக் கோடு. சர்க்கரை உள்ள எந்தப் பெரியவரும் காய்ச்சலுக்குச் சேர்ந்த அன்றே அதைத் தொட்டுவிடுவார். மஞ்சள் கைப்பட்டை கட்டி, 'தனியாக எழுந்திருக்க விடமாட்டேன்' என்று கூட இருக்கும் மகளிடம் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். பாதி வார்டின் கையில் மஞ்சள் பட்டை இருந்தால் சிஸ்டர் யாரைத்தான் பார்ப்பார்? இப்படி மதிப்பெண் போட்டு ஆபத்தைக் கணிக்கவே வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-லேயே சொல்லிவிட்டது.

தாள்தானே, போகட்டும். என்னால் ஏற்க முடியாதது, விழாததை எண்ணிப் பரிசு கொடுப்பது. யாரும் விழாமலிருக்கச் சுலபமான வழி, யாரையும் எழவிடாமல் வைப்பதுதான். ஆள் போதாத நைட் டூட்டியில் அதுதான் நடக்கிறது. பக்கக் கம்பிகள் மேலேறுகின்றன. "அப்பா, எழுந்திருக்காதீங்க, டயப்பர் போட்டிருக்கு, அதிலேயே போங்க" என்கிறார்கள். மதியம் வரை தானே கழிப்பறைக்குப் போய்வந்த மனுஷர் அவர். கூச்சம் பிடுங்க மணியை அழுத்துகிறார், யாரும் வரவில்லை. கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போடுகிறார். இப்போது விழுந்தால் கட்டில் உயரத்தோடு கம்பி உயரமும் சேர்ந்துகொள்ளும்.

விழாமல் படுத்தே கிடந்தால் மட்டும் என்ன ஆகிறது? நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்திருந்தது. நோயாளிக்கு இன்னும் எவ்வளவு கரையும்? கீழே விழுந்தால் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுத வேண்டும், விளக்கம் கேட்பார்கள். கால் சூம்பினால் ரிப்போர்ட் கிடையாது. வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்தால் அது மருத்துவமனைக் கணக்கில் வராது.

அமெரிக்காவில் இப்படி எழவிடாமல் வைப்பதற்குக் காசும் துணைபோனது. மருத்துவமனையில் விழுந்து ஏற்படும் காயங்களுக்கான கூடுதல் செலவைத் தருவதில்லை என்று அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் 2008 அக்டோபரில் நிறுத்தியது. நோயாளிகளை நடக்கவிட மருத்துவமனைகள் பயப்படுகின்றன என்று அந்த நாட்டு முதியோர் மருத்துவர்களே பிறகு எழுதினார்கள். அங்கே குறை சொல்லப்பட்டதை இங்கே கேடயமாக்கி வைத்திருக்கிறோம்.

கட்டில் அலாரத்தை விற்க வருபவர்களுக்கும் ஒரு சேதி. 16 வார்டுகளை வைத்துச் செய்து 2012-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் அலாரப் பயன்பாடு பன்மடங்கு கூடியது, விழுவது குறையவில்லை. மணி அடித்தால் ஓடிவர ஆள் வேண்டாமா? கலிபோர்னியா 1999-ல் சட்டமே போட்டது. அங்கே பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. நம் நிர்வாகங்கள் வெளிநாட்டிலிருந்து கைப்பட்டையை இறக்கின, அளவுகோலை இறக்கின, இதை மட்டும் இறக்கவில்லை.

கேடயம் கொடுத்தே தீர வேண்டுமென்றால், சேரும்போது தானே நடந்து கழிப்பறைக்குப் போனவர்களில் எத்தனை பேர் டிஸ்சார்ஜ் அன்றும் அப்படிப் போனார்கள் என்று எண்ணிக் கொடுக்கட்டும். அந்தக் கணக்கை எழுதத் தொடங்கினால் இரவுக்கு இன்னும் இரண்டு சிஸ்டர்களை எடுக்க வேண்டிவரும். கேடயம் அதைவிட மலிவு.