துணி பிழிகிறவன்

செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு நாவலில் முப்பது பக்கமாவது ஓடும். எனக்குப் பத்துதான் ஓடியது. மாயாஜால நாவல்; பெயர் வேண்டாம். மூன்று நிலா, பதினோரு அரசர்கள், ஊருக்கு ஊர் பெயர் மாறும் ஒரு நதி. யார் யாருக்குப் பிள்ளை என்று பார்க்க, பின்பக்கத்து வம்சாவளியை ஏழு தடவை புரட்டினேன். முன்னூறு பக்கம் தாண்டியும் அதில் ஒருத்தனுக்கும் பசிக்கவில்லை.

அந்த எரிச்சலோடுதான் அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்துக்கு எதிரே போய் நின்றேன்.

அந்தப் பாறையும் குழப்படிக் கதைதான். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் செய்யும் எலும்புந்தோலுமான மனிதன் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். பக்கத்தில் நான்கு கைகளோடு சிவன் நிற்கிறார். அவர் கொடுக்கப்போவது அர்ச்சுனன் கேட்ட பாசுபத அஸ்திரமா, பகீரதன் கேட்ட கங்கையா? கங்கைக் கட்சிக்காரர்கள் பாறையை இரண்டாகப் பிளக்கும் இடுக்கைக் காட்டுவார்கள். அதற்குள் நாகர்கள் கைகூப்பி மேலே எழுகிறார்கள். பாறையின் உச்சியில் நீர் தேக்க இடம் இருந்ததற்கான தடயம் உண்டு. அங்கிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் நாகர்களின் உடல் நனைந்து மினுங்கியிருக்கும். அதை நினைத்தால் நானும் கங்கைக் கட்சிதான். ஆனால் தபசு என்ற பெயரை விடவும் மனம் வருவதில்லை.

எந்தக் கட்சியில் இருந்தாலும் இந்தப் பாறைக்கு எதிரே யாரும் தொலைந்துபோவதில்லை. காரணம் அந்த இடுக்கு. பறந்துவரும் கந்தர்வ இணைகள், குள்ள பூதகணங்கள், கின்னரர்கள், சிங்கங்கள், வேடர்கள், வலப்பக்கம் குட்டிகளோடு நிற்கும் யானைகள் என்று ஏறக்குறைய நூறடி அகலத்துக்குக் கூட்டம். அதில் பெரும்பாலோர் அந்த இடுக்கை நோக்கித்தான் வருகிறார்கள். பெயர் தெரியாத உருவமும் எங்கே போகிறது என்பது தெரிகிறது. என் நாவலாசிரியர் எல்லோருக்கும் பெயர் வைத்தார். போகும் திசையை மட்டும் வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பாம்பு உடல் கொண்ட நாகராஜன் எழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, இடப்பக்கம் கீழே, ஒரு சின்னத் திருமால் கோயில். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் முனிவர்களின் தலைகள் உடைந்துபோய்விட்டன. அதற்கும் கீழே, கரையில் சிலர் குளித்துவிட்டு நிற்கிறார்கள். ஒருவன் தோளில் தண்ணீர்க் குடம். ஒருவன் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறான். தேவலோகமே திரண்டு வந்திருக்கிற நேரத்தில் அவனுக்குத் துணி காயவேண்டும் என்ற கவலை. அவன் இருப்பதால்தான் எனக்கு நாகராஜன் மேல் நம்பிக்கை வருகிறது. அவன் கையில் ஈரம் இருந்தால் அங்கே ஆறு இருக்கிறது; ஆறு இருந்தால் அதில் நாகர்கள் வரட்டுமே.

யானையின் காலடியில் நிற்கும் பூனையை எல்லோருக்கும் தெரியும். பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். எலிகளை ஏமாற்றத் தவவேடம் போட்ட பூனையின் கதை மகாபாரதத்து உத்தியோக பருவத்தில் வருகிறது. தன் காவியத்தையே நையாண்டி செய்ய ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறான் சிற்பி! அந்தத் துணிச்சல் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இன்னொரு பக்கம் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. எந்தக் கதைக்கும் அது தேவையில்லை. கல்லில் ஒரு பிசகு நேர்ந்தால் அழிக்கவும் வழியில்லை, ஆனாலும் செதுக்கியிருக்கிறான்.

ஊரின் இன்னொரு பாறையில் இதே காட்சியைத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறார்கள். அங்கே உருவங்கள் இருக்கின்றன. ஆனாலும் பார்க்கிறவர் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

பாறை கிழக்கு பார்த்தது, காலையில் போங்கள். வழிகாட்டிகள் யானையையும் பூனையையும் காட்டிவிட்டு அடுத்த மண்டபத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். துணி பிழிகிறவனை நீங்களேதான் தேடவேண்டும்.