'நான்-வொர்க்கிங் டே': மங்கலமா, மறைப்பா?

'செத்தார்' என்பதை 'இயற்கை எய்தினார்' என்பது தமிழ் இலக்கணத்தில் மங்கலம் எனப்படும். கேட்பவருக்கு உண்மை தெரியும். சொல் அதை மென்மையாக்குகிறது. தொழிற்சாலை அறிவிப்புகளில் வரும் ஆங்கிலச் சொற்கள் பல இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை செய்தியின் ஒரு பகுதியையே நீக்கிவிடுகின்றன.

2019இல் வாகன விற்பனை சரிந்தபோது, அசோக் லேலண்ட் நிறுவனம் செப்டம்பர் மாதத்தில் தன் ஓசூர் ஆலைகளுக்கு 5 'நான்-வொர்க்கிங் டேஸ்' அறிவித்தது. சந்தைத் தேவைக்கேற்ப உற்பத்தியைச் சரிசெய்வது காரணமாகச் சொல்லப்பட்டது. இதில் பொய் இல்லை. ஆனால் வேலையை நிறுத்தியவர் யார் என்பது அந்தச் சொல்லில் இல்லை. அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா என்பதும் இல்லை.

சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. வேலை தர முதலாளி தவறுவது, மறுப்பது அல்லது அவரால் இயலாமல் போவது 'லே-ஆஃப்' என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் வரையறுத்தது. சரக்குத் தேக்கமும் அதற்குரிய காரணங்களில் ஒன்று. இங்கே எழுவாய் முதலாளி. பதிவேட்டில் பெயர் உள்ள, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்கு அடிப்படை ஊதியத்திலும் பஞ்சப்படியிலும் பொதுவாக 50 விழுக்காடு இழப்பீடு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் ஆலையின் பதிவேட்டிலேயே இராது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஓசூரில் இத்தகைய ஆங்கிலச் சொற்கள் மொழிபெயர்க்கப்படாமலே வழங்குகின்றன. 'நாளை வேலை இல்லை' என்று பெயர்த்தாலும் மறைப்பு அப்படியே இருக்கும். 'நாளை வேலை தரமாட்டார்கள்' என்று சொன்னால்தான் 'யார், ஏன், கூலி என்ன ஆகும்' என்று கேட்கத் தோன்றும்.