புத்தளமும் மரைக்காரும்

அண்மையில் ஒரு பள்ளிவாசல் நூற்றாண்டு மலரில் ஊர்ப்பெயர்கள் பற்றிய கட்டுரையொன்றைப் படித்தேன். உழைப்புத் தெரிகிறது. ஆனால், எல்லாப் பெயருக்கும் அரபு மூலம் கண்டே தீருவதென்ற முடிவோடு எழுதியிருக்கிறார்கள். ஒலியொற்றுமை ஒன்றுதான் ஆதாரம்.

புத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். புது+ஆடை புத்தாடை ஆவதுபோல், புது+அளம் புத்தளம் ஆகும். அளம் என்றால் உப்பு விளையும் இடம். அங்கே இன்றும் உப்பளங்கள் உள்ளன. இலக்கணமும் நிலமும் ஒத்துப்போகின்றன. 1344இல் வந்த இப்னு பதூதா இவ்வூரைப் 'பத்தாலா' என்று குறித்தார். அரபியில் வல்லோசைப் பகரம் இல்லை. 'பே'யால்தான் எழுத முடியும். அரபுப் பயணியே, காதில் விழுந்த உள்ளூர்ப் பெயரைத் தம் நாவுக்கேற்ப எழுதிவைத்தார். நாம் ஏன் அவரைவிட அவசரப்பட வேண்டும்?

'மரைக்கார்' வேறு வகை. கப்பலைக் குறிக்கும் அரபு 'மர்கப்' என்பார் சிலர். தமிழ் மரக்கலம் என்பார் சிலர். முதலாமவர் இறுதிப் பகரம் எங்கே போனதென்றும், மற்றவர் லகரம் எங்கே போனதென்றும் சொல்ல வேண்டும். சிங்களவர் நம்மை 'மரக்கல' என்றழைப்பது இரண்டாவதற்குப் பலம் சேர்க்கிறது. எனினும் வழக்கு முடிந்துவிடவில்லை. மலரோ ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல், நாம் பேசும் தமிழையும் சான்றாகக் காட்டி நம்மைத் தமிழ் இனத்தவர் என்றார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் எழுதினார். தமிழ் வேர் என்றாலே தனித்துவம் போய்விடும் என்ற பயம் அன்றிலிருந்து நம்மோடு வருகிறது. ஆனால் இராமநாதன் மொழியை வம்சமாகப் படித்தார். மலர்க் கட்டுரையும் அதைத்தான் செய்கிறது, திசைதான் வேறு. ஊர்ப்பெயர், அதை வைத்தவர் பேசிய மொழியைச் சொல்லும். அங்கே வாழ்பவரின் வம்சத்தைச் சொல்லாது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன், "அப்ப எங்கட ஊர்ப்பேர் அரபு இல்லாட்டி நாங்க ஆர் சேர்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவன் மனதில் போட்டது நம் மலர்கள்தான். அடுத்த மலர் போடுகிறவர்கள் பழைய காணி உறுதிகளையும் ஒல்லாந்தர் தோம்புகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். பெயர் அன்று எப்படி எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்கினால், அந்தப் பையனுக்குப் பயமில்லாத ஒரு பதில் கிடைக்கும்.