பிடியரிசியும் பெருங்காவியமும்

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகும் வழியில் உயரத்தே அமைந்திருக்கும் மேத்தன் மணி என்னும் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் வழிப்போக்கர்களைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டிருக்கும்: மணி அடிக்கும்போதெல்லாம் இரண்டு ஆட்டுக்கடாக்கள் ஓடிவந்து தாடிக்கார முகமொன்றின் கன்னங்களில் மோதுகிற அந்தச் சிறு விநோதத்தை நூறு முறை கண்டவனும், கையில் சாமான் மூட்டையோடு, இன்னொரு முறை காண்பதற்காகச் சற்றே தாமதிக்கிறான். அடுத்த மணிக்கும் அதுவே நிகழும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்திருப்பதே அவனுடைய ஆனந்தத்தில் பாதி.

திரும்பத் திரும்ப வருவதில் உண்டாகும் இந்த எளிய சந்தோஷத்தை, அடுப்பு மூட்டுவதும் நீர் இறைப்பதும் கூலிக்குப் போய்த் திரும்புவதுமான அன்றாட வாழ்வை, தெய்வ விசுவாசத்துக்கு உரிய இடமென்று தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் எந்த அளவுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது என்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கேள்வி கிழக்கேகோட்டையில் எழுவதும் பொருத்தமே. திவான் ராஜா கேசவதாசர் உண்டாக்கிய சாலைக் கடைத்தெருவில் தமிழ் இன்றும் வியாபார பாஷை. 1956 நவம்பர் 1 வரையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தமிழ்த் தாலுகாக்களுக்கும் இந்நகரே ராஜதானி. அந்தத் தாலுகாக்களிலிருந்து படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வந்து இந்நகரில் வேரூன்றிய கிறிஸ்தவக் குடும்பங்கள் பல.

ஆராய்ச்சியாளர் வழக்கம்போல் வீரமாமுனிவரிடமிருந்து (1680–1747) தொடங்கலாம். காவியத் தலைவனென்றால் அரசகுமாரனே என்றிருந்த மரபில், நாசரேத்தூர்த் தச்சராகிய சூசையப்பரை வளன் என்ற பெயரால் தலைவராக்கியது சாமானியத் துணிவு அன்று. யூதேயாவை வர்ணிக்கப் புகும்போது வயலும் வாய்க்காலுமாகத் தமிழ்நாட்டையே அங்கே கொண்டுபோய் வைத்ததும் ரசிக்கத்தக்கதே. ஆயினும் அந்தத் ‘தேம்பாவணி’க் காவியத்தின் 3,615 விருத்தங்களைப் படித்து முடித்தவனுக்கு, பட்டறையில் பறக்கும் மரத்தூள் தன் மேல் படிந்ததாக நினைவிராது. காவிய லட்சணங்கள் தச்சருக்கு இத்தனை ஆபரணம் பூட்டிவிட்டன. அவருக்கு உளியை எடுக்கக் கை ஒழியவில்லை.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இந்நகரத்துக்கு அந்நியர் அல்லர். இன்று யூனிவர்சிட்டி கல்லூரி என வழங்கும் மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். பல்லாண்டுகள் உழைத்து 1894-இல் நூலாக்கிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 3,700-க்கு மேற்பட்ட செய்யுட்களால் ஆனது. கம்பனைக் கற்று ஊறிய நாவின் சுவை அதில் எங்கும் உண்டு. அதற்கு மூலமோ ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதை. அக்கதையின் முதற்காரியமே, மனைவி மக்கள் கூவி அழைக்க, காதைப் பொத்திக்கொண்டு ஒருவன் வீட்டை விட்டு ஓடுவதுதான். வீடு நாச நகரத்தில் இருக்கிறது. ரட்சிப்பு வெளியே தூரத்தில் இருக்கிறது. இத்தகைய கதைக்குள் அன்றாட வாழ்வின் சந்தோஷம் புகுவதற்கு வாசல் எது? கவிஞருடைய புலமையை வணங்குகிறேன். அந்தப் பயணி விட்டுச்சென்ற வீட்டில் அன்று உலை வைத்தது யார் என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தது காவியமன்று, கீர்த்தனை. தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்று, இரண்டாம் சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்று, 90 வயதை நெருங்கும் வரை வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), பண்டிதர்கள் தொடத் தயங்கிய ஜனரஞ்சக உருவங்களையே தேர்ந்துகொண்டார். ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் குறத்தி குறி சொல்லுகிறாள், சிங்கன் பட்சி பிடிக்கிறான், ‘ஞானத்தச்ச நாடகம்’ தொழிற்கூடத்தைத் தேடிப் போகிறது, ‘ஞான ஏற்றப் பாட்டு’ கிணற்றுமேட்டுக்கே வந்துவிடுகிறது. ஏற்றம் இறைப்பவனுக்கு மூச்சு ஒழுங்காக வேண்டும், எண்ணிக்கை தவறக்கூடாது; அதற்கென்றே பிறந்த மெட்டு அது. அந்த மெட்டில் கடவுளைப் பாடச் சொன்னவர், வேலையை நிறுத்திவிட்டு வா என்று அழைக்கவில்லை, இறைத்துக்கொண்டே பாடு என்றார். என் அபிப்பிராயத்தில், நான் தேடும் பொருள் தமிழில் பூரணமாக வெளிப்பட்ட முதல் இடம் இதுவே. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின், இப்பாடல்கள் ஏழை வீடுகளின் மாடக்குழிகளிலும் இடம்பிடித்தன. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ (1878) வேறு வகை. கத்தோலிக்கராகிய அவர் எச்சமயத்தாரும் பாடும்படி எழுதியதால் அது கச்சேரி மேடைக்கு ஏறியது, அடுக்களைக்கு அவ்வளவாக வரவில்லை.

இலக்கியம் எழுதாமல் விட்ட ஒரு பகுதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூருக்கு வந்ததில் தொடங்கி லண்டன் மிஷன் சபைகள் பெருகிய நாட்டில், பெண்களின் பக்தி புத்தகத்தைக் காட்டிலும் கைவேலையிலேயே வெளிப்பட்டது. 1820-களில் மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் வளர்த்த ரேந்தைப் பின்னலால் கிடைத்த வருவாயைக் கொண்டு, அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினார்கள். பிடியரிசியோ இன்னும் எளிது: சோற்றுக்கு அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டு வைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பது. வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் பிடி குறைந்ததில்லை என்று பாட்டிமார் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் சிறு கர்வத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தியாகமென்று சொன்னால் சிரித்துவிடுவார்கள்.

இந்தக் கலயத்தின் வாடை தமிழ் வசனத்தில் ஏறியது 1964-இல். திருவனந்தபுரம் அரசு மகளிர் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த ஹெப்சிபா ஜேசுதாசன் (1925–2012) எழுதிய ‘புத்தம் வீடு’ அவ்வாண்டு வெளிவந்தது. அவருடைய கணவர் சி. ஜேசுதாசன் தமிழ் கற்பித்தது, முன்னர்க் கிருஷ்ண பிள்ளை கற்பித்த அதே கல்லூரியில் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு. வீட்டை விட்டு ஓடிய பயணியின் கவிஞரையும், வீட்டை விட்டு வெளிவர அனுமதியில்லாத பெண்ணின் கதாசிரியையையும் ஒரே ஊர் போஷித்திருக்கிறது. அந்தக் கல்லூரிக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம்.

பனைவிளை என்னும் கிராமத்தில், பழைய பெருமை மட்டும் மிஞ்சியிருக்கும் வீட்டில், பருவமடைந்ததும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு உள்ளே அடைபட்ட லிஸி, பனையேறியின் மகனிடத்தில் மனம் வைக்கிறாள். குடும்பத்துக்குள் கொலை நேர்கிறது. வெகுகாலம் காத்திருந்து கல்யாணம் நடக்கிறது. கதை இவ்வளவே. ஆயினும் அக்கானி என்னும் பதநீர் காய்வதும், கருப்பட்டியும், வாய்ப்பேச்சின் விளவங்கோட்டு வாசனையும், வெளியுலகைக் காண அந்தப் பெண்ணுக்கிருக்கும் ஒரே வழியாகிய ஞாயிற்றுக்கிழமைக் கோயிலும் அந்நாவலில் பிரசங்கமாகாமல் வாழ்க்கையாகவே நிற்கின்றன. தெய்வ நாமத்தை ஆசிரியை மிகச் சிக்கனமாகவே உச்சரிக்கிறார். அடைபட்டவளின் சின்னச் சந்தோஷங்களை அவர் அற்பமென்று தள்ளவில்லை. அந்தச் சந்தோஷங்களைக் காட்டி அடைத்து வைத்ததை நியாயப்படுத்தவுமில்லை. துன்பத்தை மறைக்கத் துதியைத் திரையாகத் தொங்கவிடும் பக்தி வெளியீடுகளை ஏராளமாக வாசித்துச் சலித்தவன் என்ற முறையில், இந்த நாணயத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிற்காலத்தில் ஜோ டி குருஸ் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நாவலில் கத்தோலிக்கப் பரதவரின் கடலையும் கோயிலையும் ஒரே மூச்சில் எழுதினார். அங்கே அலை பெரிது, ஆகவே அன்றாடம் அடிக்கடி அதில் மூழ்கிவிடுகிறது. சாலைத் தெருவிலேயே கடை வைத்திருந்து அத்தெருவையே கதையாக்கிய ஆ. மாதவன் கிறிஸ்தவ இலக்கியக் கணக்கில் வாராதவர். ஆயினும் சில்லறை வாழ்க்கையைக் கூர்ந்து பார்க்கும் கண்ணை அவரிடம் கடன் வாங்கலாம்.

இந்தக் கணக்கில் பெருந்தொகை ஒன்று இன்னும் வரவு வைக்கப்படாமல் கிடக்கிறது. இந்நகரத்துத் தமிழ் வீடுகளில் பாட்டிமார் தம் கையால் எழுதி வைத்த கீர்த்தனை நோட்டுகள், ஓரத்தில் பால் கணக்கும் பிள்ளைகளின் ஞானஸ்நானத் தேதியும் குறித்தவை, டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. வீடு மாற்றும்போது அவை பழைய காகிதத்தோடு சேர்ந்து எடைக்குப் போய்விடுகின்றன. வாசகர் வீட்டில் அப்படி ஒன்று இருக்குமானால் எடைக்குப் போடாதிருக்க வேண்டுகிறேன். எழுதினவர் பெயரையும், எந்த வேலை செய்துகொண்டு எந்தப் பாட்டைப் பாடுவார் என்பதையும், தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அதன் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.